கடைசி பத்து நிமிஷத்துல கவுத்துட்டாங்க

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், சோகமான கிளைமாக்ஸ் வேற, சொதப்பலான கிளைமாக்ஸ் வேற. நிறைய பேர் இது ரெண்டையும் போட்டு குழப்பிக்கறாங்க. "படம் நல்லாதான்யா போச்சு, கடைசில சேத்து வெக்காம விட்டுட்டான், முடிவு சரியில்ல"ன்னு தியேட்டர் படி இறங்கும்போதே ஒரு குரல் கேக்கும் பாருங்க, அந்த குரலோடதான் எனக்கு சண்டை. சேராம போறதும் ஹீரோ சாகறதும் ஒரு குறையே கிடையாது. 'காதல்' (2004) படத்துல சந்தியா புருஷனோட போயிட்டு இருக்கும்போது சிக்னல்ல பரத் பைத்தியமா திரியறதை பாக்கற இடம் இருக்கே, வயித்தை பிசையும், வீட்டுக்கு வந்து சோறு இறங்காது, ஆனா அந்த படம் வேற எங்கயும் போய் முடிஞ்சிருக்கவே முடியாது. அந்த ஊர், அந்த ஜாதி, அந்த சித்தப்பா எல்லாத்தையும் காமிச்சுட்டு கடைசில ரெண்டு பேரும் கைகோத்து நடந்து போனா நாமளே சிரிச்சிருப்போம்.

'விண்ணைத்தாண்டி வருவாயா' (2010) கதையும் அப்படித்தான். தமிழ்ல கார்த்திக்கும் ஜெஸ்ஸியும் சேர மாட்டாங்க, அதே சமயம் தெலுங்குல நாக சைதன்யா, சமந்தாவை வெச்சு எடுத்த 'ஏ மாய சேசாவே'ல சேத்து வெச்சுட்டாங்க. ரெண்டுக்கும் கௌதம் மேனன்தான் டைரக்டர், பாட்டும் அதே ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டு. தெலுங்குதான் நிம்மதியா இருக்குன்னு சொல்ற நண்பர்கள் எனக்கு உண்டு, இருக்கட்டும், ஆனா ஜெஸ்ஸி முதல் சீன்லேர்ந்து இப்படியா அப்படியான்னு முடிவெடுக்க முடியாம இழுத்துட்டே இருக்கற பொண்ணு, அவ கடைசில தெளிவா வந்து நின்னான்னா அது நாம ரெண்டு மணி நேரமா பாத்த ஜெஸ்ஸி இல்ல, வேற யாரோ.

அப்ப எதை சொதப்பல்னு சொல்றேன்னா, படம் முழுக்க ஒரு கேள்வியை கேட்டுட்டு கடைசில வேற ஏதோ கேள்விக்கு பதில் சொல்லிட்டு போறதை. தாங்க கேட்ட கேள்வியை பாத்து எடுத்தவங்களுக்கே பயம் வந்துடுது. கல்யாண பந்தில எல்லாம் அமர்க்களமா பரிமாறிட்டு கடைசில புளிச்ச மோரை ஊத்தினா வீட்டுக்கு போற வரைக்கும் வாயில நிக்கறது அந்த மோர்தான், அந்த கேஸ். சுமாரான படத்துல கிளைமாக்ஸ் சுமாரா இருந்தா யாரும் அழப்போறதில்ல, நல்ல படத்துல வரும்போதுதான் எரிச்சலே.

இதுக்கப்புறம் எல்லா படத்தோட முடிவையும் போட்டு உடைக்கப்போறேன், பாக்காதவங்க இப்பவே ஓடிடுங்க. பெரும்பாலும் பழைய படம்தான், அதனால ரொம்ப குத்த உணர்ச்சி இல்ல.

எனக்கு இதுல முதல் இடம் எப்பவும் 'ஐ ஆம் லெஜண்ட்' (2007). ஏன்னா அந்த படத்துக்கு ரெண்டு முடிவு எடுத்தாங்க, நல்ல முடிவை தூக்கி டிவிடில போட்டுட்டு சொதப்பலை தியேட்டர்ல ஓட்டினாங்க, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாக்கலாம். நியூயார்க் நகரமே காலி, ரோட்டுல புல்லு மொளைச்சு மான் ஓடுது, வில் ஸ்மித்தும் சாம்ங்கிற அவர் நாயும் மட்டும் காரை ஓட்டிட்டு சுத்தறாங்க. கேன்சருக்கு மருந்துன்னு தட்டம்மை வைரஸை மாத்தி அமைச்சு, அது கைமீறி போய் உலகமே காலி. மிச்சம் இருக்கறவங்க வெளிச்சம் பட்டா வெந்து போற, ராத்திரில மட்டும் வெளிய வர்ற ஒரு வகை பிறவியா மாறிட்டாங்க. வில் ஸ்மித் ராணுவ டாக்டர், தினம் ஒரு வேலையா மருந்து கண்டுபிடிக்க முயற்சி பண்றாரு. வீடியோ கடைல பொம்மைங்களை நிக்க வெச்சு அதுங்களோட பேசறாரு. நாய் சாகற சீனை பத்தி நான் எழுதப்போறதில்ல, அதை பாத்தவங்களுக்கு தெரியும்.

இப்ப முக்கியமான இடம். மருந்தை சோதிச்சு பாக்க அந்த பிறவிகள்ல ஒரு பொண்ணை பொறி வெச்சு புடிச்சுட்டு வராரு. அவளை இழுத்துட்டு போகும்போது ஒரு ஆம்பளை, கூட்டத்துக்கு தலைவன் மாதிரி ஒருத்தன், வெயில்ல தலையை நீட்டி கத்தறான். வெயில் பட்டா செத்துடுவான்னு தெரிஞ்சும் நீட்டறான். வில் ஸ்மித் லேப்ல வந்து இதை பதிவு பண்றாரு, இதுங்களுக்கு மூளை இன்னும் மழுங்கிடுச்சு போல, உயிர் பயமே இல்ல, மனுஷத்தனம் சுத்தமா போயிடுச்சுன்னு. கொஞ்ச நேரத்துல அவர் வெச்ச அதே மாதிரி ஒரு பொறில அவரே தலைகீழா தொங்கறாரு, அதுவும் அவரோட பொம்மையையே இரையா வெச்சு. இதை பாக்கற நமக்கு பளிச்சுனு ஒரு சந்தேகம் வருது இல்லையா, யோவ் டாக்டரு, அவன் மூளை மழுங்கி வெயில்ல வரலய்யா, நீ தூக்கிட்டு போனது அவன் பொண்டாட்டியை!

முதல்ல எடுத்த முடிவுல இது அப்படியே வருது. கூட்டம் வீட்டுக்குள்ள பூந்து லேப் வரைக்கும் வந்துடும். நடுவுல கண்ணாடி தடுப்பு. தலைவன் கண்ணாடில ஒரு பட்டாம்பூச்சி மாதிரி வரைஞ்சு காட்டுவான். வில் ஸ்மித் திரும்பி பாத்தா அந்த பொண்ணோட உடம்புல பட்டாம்பூச்சி பச்சை குத்தி இருக்கு. அப்பதான் மண்டைல உறைக்கும், இவங்க என்னை கொல்ல வரல, அவளை கூட்டிட்டு போக வந்திருக்காங்கன்னு. துப்பாக்கியை கீழ வெச்சுட்டு கட்டிலோட அவளை வெளிய தள்ளிட்டு போய் மயக்கம் தெளிய வெச்சு ஒப்படைப்பாரு, மன்னிப்பும் கேப்பாரு. அப்புறம் சுவத்துல ஒட்டி வெச்சிருக்கற போட்டோக்களை பாப்பாரு, வரிசையா, அவர் சோதனை பண்ணி செத்துப்போனவங்க போட்டோ. அதுவரைக்கும் நமக்கு அது லேப் ரெக்கார்டு, அந்த ஒரு செகண்டுல அது கொலைப்பட்டியலா மாறிடும். ரிச்சர்ட் மாத்திசன் 1954ல எழுதின நாவலோட ஜீவனும் இதுதான், அந்த புது ஜனங்களுக்கு பகல்ல வந்து தூங்கறவங்களை கொல்ற பூதம் நான்தான்னு அவன் தெரிஞ்சுக்கறான், அந்த தலைப்புக்கே அதான் அர்த்தம்.

தியேட்டர்ல என்ன வந்துச்சு? கண்ணாடில பட்டாம்பூச்சி மாதிரி விரிசல் விழும், அவர் செத்துப்போன தன் பொண்ணு சொன்னதை நினைச்சுக்குவாரு, நடுவுல அவரோட வந்து சேந்த, நோய் தாக்காத ஒரு பொண்ணு கையில மருந்தை குடுத்து ஒளிச்சு வெச்சுட்டு கையெறி குண்டோட பாஞ்சு எல்லாரோடவும் சேந்து வெடிச்சுடுவாரு. அந்த பொண்ணு வெர்மான்ட்ல இருக்கற முகாமுக்கு மருந்தை கொண்டு சேத்துட்டு, இவர்தான் லெஜண்ட்னு பின்னணில பேசும். முடிஞ்சுது. வெயில்ல தலை நீட்டினவன் எதுக்கு நீட்டினான்? பொறி வெச்சது யாரு? எதுக்கும் பதில் கிடையாது. விதைச்சதெல்லாம் அப்படியே படத்துல கெடக்கு, அறுவடை மட்டும் பண்ணாம விட்டுட்டாங்க. காரணம், ரிலீசுக்கு முன்னாடி டெஸ்ட் ஸ்கிரீனிங் போட்டு பாத்ததுல முதல் முடிவு எடுபடல. வில் ஸ்மித் தப்பு பண்ணினவர்ங்கறதை ஜனங்க ஏத்துக்கல போல, தியாகின்னா ஓகே. இதுல வேடிக்கை, இத்தனை வருஷம் கழிச்சு ரெண்டாம் பாகம் எடுக்க கிளம்பினப்ப அந்த டிவிடி முடிவுலேர்ந்துதான் கதையை தொடரப்போறோம்னு எழுத்தாளர் அகிவா கோல்ட்ஸ்மேன் சொன்னாரு. செத்தவரை எழுப்ப முடியாதே, வேற வழி?

டெஸ்ட் ஸ்கிரீனிங்குன்னா தெரியாதவங்களுக்கு, படத்தை முழுசா முடிக்கறதுக்கு முன்னாடி சாதாரண ஆடியன்ஸை கூப்ட்டு போட்டு காட்டி, கையில கார்டு குடுத்து பிடிச்சுதா பிடிக்கலையான்னு எழுதி வாங்கறது. நம்ம ஊர்ல அந்த பழக்கம் அவ்வளவா இல்ல, நம்மாளுங்க ரிலீஸ் பண்ணிட்டு மூணாவது நாள்தான் கத்திரியை தேடுவாங்க. மலையாளத்துல ஒரு படி மேல போய் 'ஹரிகிருஷ்ணன்ஸ்' (1998) படத்துக்கு ரெண்டு கிளைமாக்ஸே போட்டாங்க, ஒண்ணுல ஜூஹி சாவ்லா மம்முட்டியை தேர்ந்தெடுப்பாங்க, இன்னொண்ணுல மோகன்லாலை. அது ஜாலியான படம், அதனால கோவம் வரல, ரசிகர் மன்றத்து சண்டையை தவிர்க்க இதை விட நல்ல ஐடியா யாருக்கும் வந்திருக்காது.

கார்டு எழுதி வாங்கி கெட்டுப்போன இன்னொரு படம் 'ஃபேட்டல் அட்ராக்ஷன்' (1987). இதுல எனக்கு கோவம் இன்னும் ஜாஸ்தி. மைக்கேல் டக்ளஸ் கல்யாணம் ஆன வக்கீல், பொண்டாட்டி ஊர்ல இல்லாத வாரக்கடைசில க்ளென் க்ளோஸோட பழகறாரு, திங்கக்கிழமை ஆனதும் ஒண்ணுமே நடக்காத மாதிரி கழட்டி விடப்பாக்கறாரு. அவ விடல. படம் பாதி வரைக்கும் யார் பக்கம் நிக்கறதுன்னே நமக்கு தெரியாது, அதுதான் படத்தோட பலம். அவர் வீட்டு முயலை அவ அடுப்புல கொதிக்க வெக்கற சீனுக்கு அப்புறம் தெரிஞ்சுடும்னு வெச்சுக்கோங்க. ஆனாலும் அவ மனசு உடைஞ்ச பொண்ணு, வில்லி இல்ல. படத்துல ரெண்டு பேரும் 'மேடம் பட்டர்ஃப்ளை' ஓபரா பத்தி பேசுவாங்க, அந்த ஓபரால நாயகி தற்கொலை பண்ணிப்பா. முதல்ல எடுத்த முடிவுலயும் அதேதான், அந்த இசையை போட்டுட்டு அவ தன் கழுத்தை தானே அறுத்துப்பா, கத்தில டக்ளஸோட கைரேகை இருக்கும், போலீஸ் வந்து அவரை கூட்டிட்டு போகும். பண்ணின தப்பு அவர் வாசல் கதவை தட்டுது, அதான் மேட்டர்.

டெஸ்ட் ஆடியன்ஸுக்கு இது பத்தல. அவளை யாராவது கொல்லணும்னு எதிர்பார்த்தாங்க. திரும்ப எல்லாரையும் கூப்ட்டு பாத்ரூம் சண்டை ஒண்ணு எடுத்தாங்க, கத்தியோட அவ வீட்டுக்குள்ள பூந்து, டக்ளஸ் அவளை தொட்டித்தண்ணில அமுக்கி, செத்துட்டான்னு நெனைக்கும்போது விருட்டுனு எழுந்து, கடைசில பொண்டாட்டி துப்பாக்கியால சுட்டு... பேய்ப்பட ரேஞ்சுக்கு போயிடும். க்ளென் க்ளோஸ் இதை எடுக்கவே கூடாதுன்னு எவ்வளவோ போராடி பாத்தாங்க, நடக்கல. படம் சக்கைப்போடு போட்டுச்சு, அதனால தயாரிப்பாளரை நாம ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா கடைசி ஷாட் என்ன தெரியுமா, ஃப்ரேம் போட்ட குடும்ப போட்டோ! நம்ம எண்பதுகள் படத்துல ஃபைட் முடிஞ்சதும் எல்லாரும் வரிசையா நின்னு சிரிக்க, காமெடியன் ஒரு ஜோக் அடிக்க, 'வணக்கம்'னு கார்டு விழுமே, சாட்சாத் அதேதான். ஹாலிவுட்காரன் மட்டும் பெரிய இவனான்னு அன்னிக்கு நெனைச்சேன். ஜப்பான்ல மட்டும் அந்த பழைய முடிவோட படம் ஓடுச்சு.

'பிளேடு ரன்னர்' (1982) முதல்ல வந்தப்பவும் இதே கூத்துதான். படம் பூரா மழை, இருட்டு, புகை, கடைசில மட்டும் திடீர்னு பச்சை மலை, நீல வானம், ஜோடி கார்ல ஹாயா போகுது, ஹாரிசன் ஃபோர்டு பின்னணில எல்லாம் நல்லபடியா முடிஞ்சுதுன்னு கதை சொல்றாரு. அந்த மலை ஷாட்டெல்லாம் அந்த படத்துக்கு எடுத்ததே இல்ல, குப்ரிக் 'தி ஷைனிங்'குக்காக ஹெலிகாப்டர்ல எடுத்து மிச்சம் வெச்சிருந்தது. கடன் வாங்கின சந்தோஷம்னு நேர் அர்த்தத்துல சொல்லலாம். 1992லயும் 2007லயும் வந்த வெர்ஷன்ல அதையெல்லாம் தூக்கி எறிஞ்சுட்டாங்க, லிஃப்ட் கதவு மூடறதோட படம் முடிஞ்சுடும், அவ்வளவுதான் வேணும்.

இதெல்லாம் ஆடியன்ஸை பாத்து பயந்தது. கவர்மென்ட்டை பாத்து பயந்ததுக்கு 'ஷோலே'வை விட பெரிய உதாரணம் கிடையாது. 1975 ஜூன்ல எமர்ஜென்சி, ஆகஸ்ட் 15 படம் ரிலீஸ். தாக்கூரோட குடும்பத்தையே கப்பர் சிங் சுட்டு தள்ளி, அவர் ரெண்டு கையையும் வெட்டி எறிஞ்சிருக்கான். கப்பரை உயிரோட கொண்டு வந்து என் முன்னாடி நிறுத்துங்கன்னு சொல்லித்தான் ஜெய்யையும் வீருவையும் கூலிக்கு கூட்டிட்டு வராரு. மூணு மணி நேரத்துக்கு மேல ஓடற படம், அமிதாப் செத்தே போயிடறாரு, எல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்காக. கையில்லாத மனுஷன் ஆணி வெச்ச செருப்பு காலால கப்பரை மிதிக்கறாரு, மிதிக்கறாரு, அடுத்த மிதில ஆள் காலி... அப்ப பாத்து ஜீப்ல போலீஸ் வந்து இறங்கி, நீங்களே போலீஸா இருந்தவர், சட்டத்தை கையில எடுக்கலாமான்னு கேக்குது.

ஐயா, அவருக்கு கையே இல்லய்யா.

டைரக்டர் ரமேஷ் சிப்பி முதல்ல எடுத்த முடிவுல தாக்கூர் கப்பரை கொன்னுடுவாரு. முன்னாள் போலீஸ்காரரே பழிவாங்கற மாதிரி காட்டக்கூடாதுன்னு சென்சார் ஒத்துக்காம, வேற வழியில்லாம திரும்ப எடுத்ததுதான் நாம இத்தனை வருஷம் பாத்தது. 50 வருஷம் கழிச்சு 2025ல இத்தாலில போலோன்யால நடந்த விழாவுல பழைய கிளைமாக்ஸை சேத்து மீட்டெடுத்த பிரிண்டை திரையிட்டாங்க. நம்ம தமிழ் படங்கள்ல வில்லனை அடிச்சு துவைச்சு முடிச்ச அப்புறம் கரெக்ட்டா சைரன் சத்தம் கேட்டு இன்ஸ்பெக்டர் "யூ ஆர் அண்டர் அரெஸ்ட்"னு வந்து நிப்பாரே, சின்ன வயசுல இவங்க ஏன் எப்பவும் லேட்டா வராங்கன்னு கிண்டல் பண்ணுவோம், லேட்டா வரல சார், சென்சாருக்காக வந்திருக்காங்க.

ஹீரோ இமேஜுக்காக கெட்டதும் இருக்கு. ஹிட்ச்காக் 'சஸ்பிஷன்' (1941)னு ஒரு படம் எடுத்தாரு. புருஷன் தன்னை கொல்லப்போறானோன்னு பொண்டாட்டிக்கு சந்தேகம். ராத்திரி இருட்டுல கேரி கிராண்ட் ஒரு கிளாஸ் பால் எடுத்துட்டு மாடிப்படி ஏறி வருவாரு, பால் மட்டும் பளிச்சுனு தெரியணும்னு கிளாசுக்குள்ள சின்ன பல்பு போட்டு வெச்சாரு ஹிட்ச்காக். அந்த மாதிரி ஒரு பயத்தை கட்டி எழுப்பிட்டு, கடைசில அவர் கொலைகாரன் இல்ல, எல்லாம் அந்தம்மாவோட கற்பனைன்னு முடிச்சுட்டாங்க. கேரி கிராண்ட் எப்படி கொலைகாரனா இருப்பாரு, ஜனங்க ஒத்துக்குவாங்களா? ஹிட்ச்காக் மனசுல வெச்சிருந்ததா பின்னாடி சொன்ன முடிவு வேற, அந்தம்மா விஷம்னு தெரிஞ்சே பாலை குடிப்பா, அதுக்கு முன்னாடி அம்மாவுக்கு ஒரு லெட்டர் எழுதி எல்லாத்தையும் சொல்லி அவன்கிட்டயே குடுத்து போஸ்ட் பண்ண சொல்லுவா, அவன் ஜாலியா விசில் அடிச்சுட்டே போய் பெட்டில போடுவான். அடடா. இதை கேட்டுட்டு அந்த படத்தோட நிஜ முடிவை பாக்கவே முடியாது. இதுக்கு முன்னாடி மௌனப்பட காலத்துல 'தி லாட்ஜர்' (1927) எடுத்தப்பவும் இவருக்கு இதே தொல்லைதான், ஐவர் நொவெல்லோ பெரிய ஸ்டார், அவரும் கொலைகாரனா இருக்க முடியாது. எம்ஜிஆர் படத்துல எம்ஜிஆர் கையில சிகரெட் வராத மாதிரின்னு வெச்சுக்கோங்க, அங்கயும் இதெல்லாம் இருந்திருக்கு.

மௌனப்படம்னதும் ஒரு சுவாரஸ்யம். முர்னாவ் எடுத்த 'தி லாஸ்ட் லாஃப்' (1924), ஜெர்மன் படம். பெரிய ஹோட்டல் வாசல்ல தங்க பட்டன் யூனிஃபார்ம்ல கம்பீரமா நிக்கற வயசானவரை, தெம்பு போச்சுன்னு சொல்லி கக்கூஸ் வேலைக்கு மாத்திடுவாங்க. அவர் மானம் மரியாதை எல்லாம் அந்த கோட்டுலதான் இருந்துச்சு. படத்துல வசன கார்டே கிடையாது, எல்லாம் முகத்துலயும் கேமராலயும் ஓடும். கடைசில அவர் கூனி குறுகி அந்த கக்கூஸ்லயே உக்காந்திருப்பாரு, அங்க முடியணும். அப்ப ஒரே ஒரு கார்டு வரும், நிஜ வாழ்க்கைல இவருக்கு இனிமே சாவுதான், ஆனா கதை எழுதினவர் இவர் மேல இரக்கப்பட்டு நடக்கவே நடக்காத ஒரு முடிவை தராருங்கற மாதிரி. உடனே ஒரு கோடீஸ்வரன் சொத்து இவருக்கு வந்து சேந்து விருந்து சாப்பிட ஆரம்பிச்சுடுவாரு! இதை சொதப்பல்னு சொல்ல எனக்கு மனசு வரல, ஏன்னா இது டுபாக்கூர்னு படமே ஒத்துக்குது. மத்த எல்லாரும் அதே வேலையை கார்டு போடாம பண்றாங்க, அவ்வளவுதான்.

சரி, இப்ப அடி வாங்கப்போற இடத்துக்கு வரேன். 'சிந்து பைரவி' (1985).

முதல் பாதி எல்லாம் தமிழ்ல வந்த படங்கள்லயே ஒரு உச்சம்னு நினைக்கறேன். ஜேகேபி பெரிய கர்நாடக வித்வான், குடிச்சுட்டு வந்தான்னு மிருதங்கக்காரரையே கச்சேரிலேர்ந்து அனுப்பற அளவுக்கு கறார். சங்கீதம் தெரியாத பொண்டாட்டி பைரவி. கச்சேரில சிந்து எழுந்து, புரியற பாஷைல பாடக்கூடாதான்னு கேக்கறா, நீ பாடி காட்டுன்னு அவர் சொல்ல, அவ 'பாடறியேன் படிப்பறியேன்'னு நாட்டுப்புற பாட்டா ஆரம்பிச்சு, அப்படியே போய் தியாகராஜரோட 'மரி மரி நின்னே'ல கொண்டு சேக்கறா. காம்போதி ராகத்துல பாடற கீர்த்தனையை இளையராஜா சாரமதி ராகத்துல மாத்தி போட்டு, அந்த நாட்டுப்பாட்டும் இந்த கீர்த்தனையும் ஒரே ராகத்து பிள்ளைங்கன்னு வாதத்தையே பாட்டால ஜெயிச்சுடுவாரு. ராஜாவுக்கும் சித்ராவுக்கும் சுஹாசினிக்கும் தேசிய விருது வந்துச்சு, வரலைன்னாதான் ஆச்சரியம். அந்த சீன் எழுப்பற கேள்வி எவ்வளவு பெரிசு, பாட்டு யாருக்கு? படிச்சவனுக்கா, பாமரனுக்கா? முன் வரிசைக்கா, கடற்கரைல நிக்கற மீனவனுக்கா?

இந்த கேள்வி ரெண்டாம் பாதில எங்க போச்சு? யாருக்கும் தெரியாது. ஜேகேபிக்கும் சிந்துவுக்கும் உறவு ஆகி, அவ போயிட்டான்னு இவர் குடியில விழுந்து, தெருவுல ஆடி... அது வரைக்கும் கூட சரி, மிருதங்கக்காரரை விரட்டினவர் தானே அந்த கதிக்கு வர்றது நல்ல எழுத்துதான். ஆனா கடைசில என்ன நடக்குது, சிந்து திரும்பி வந்து ஜேகேபிக்கும் தனக்கும் பொறந்த குழந்தையை பிள்ளை இல்லாத பைரவி கையில குடுத்துட்டு, பைரவியே குடுக்க வர்ற தாலியையும் வேண்டாம்னுட்டு தனியா கிளம்பி போயிடறா. பாலசந்தர் படம்னாலே இப்படி ஒரு முடிவு இருக்கும், புரட்சி, ஷாக், தியாகம்னு அப்ப கொண்டாடினாங்க, இப்பவும் கொண்டாடறாங்க.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஜேகேபி என்ன விலை குடுத்தாரு? பொண்டாட்டி இருக்காங்க, குரல் திரும்ப வந்துடுச்சு, மேடை திரும்ப வந்துடுச்சு, இல்லாத குழந்தையும் வந்துடுச்சு. தமிழ்ல பாடுங்கன்னு சொல்லிக்குடுத்தவ, குடியிலேர்ந்து மீட்டவ, குழந்தை பெத்தவ, எல்லாத்தையும் வெச்சுட்டு வெறுங்கையோட போறா. இதுல சிந்துவுக்கு என்ன புரட்சி? பாட்டு யாருக்குன்னு ஆரம்பிச்ச படம், குழந்தை யாருக்குன்னு முடிஞ்சுடுச்சு. "அந்த காலத்துல அப்படித்தான் எடுக்க முடியும்"னு எங்க சித்தப்பா சண்டைக்கு வருவாரு. சித்தப்பா, அதுக்கு பதினோரு வருஷம் முன்னாடி இதே பாலசந்தர்தானே 'அவள் ஒரு தொடர்கதை' எடுத்தாரு? அதுலயும் கவிதா கல்யாணத்தை விட்டுட்டு திரும்ப வேலைக்கு பஸ் ஏறுவா, தியாகம்தான், ஆனா அந்த வீடு அவளை எப்படி உறிஞ்சுதுன்னு படம் முழுக்க காட்டிட்டு கடைசிலயும் அதையேதான் காட்டுது, இதை பாத்து கை தட்டுங்கன்னு சொல்லல. அதுல இருந்த கோவம் 'சிந்து பைரவி' கடைசில எனக்கு தெரியல. அவருக்கே அது முடிஞ்ச கதையா தோணல போல, பின்னாடி 'சஹானா'ன்னு டிவி சீரியலா தொடர்ந்து எடுத்தாரு. சித்தப்பா இன்னும் ஒத்துக்கல, போன்ல பேசும்போது 'கலைவாணியே' பாட்டை ஹம் பண்ணி பேச்சை மாத்திடுவாரு.

கேட்ட கேள்விக்கு நேரா பதில் சொன்ன முடிவு எப்படி இருக்கும்னு கேட்டீங்கன்னா 'ஆடுகளம்' (2011). சேவல் சண்டை குரு பேட்டைக்காரனோட பொறாமை அத்தனையும் சிஷ்யன் கருப்புக்கு தெரிஞ்சுபோச்சு, அந்தாளும் கழுத்தை அறுத்துக்கிட்டு செத்துடறாரு, இவன் வெளிய வந்து நடந்ததை சொன்னா போதும், இவன் மேல இருக்கற பழி போயிடும். சொல்ல மாட்டான். அவர் பேர் கெடக்கூடாதுன்னு ஐரினை கூட்டிட்டு ஊரை விட்டே போயிடுவான். குரு எப்படிப்பட்டவரா இருந்தாலும் சிஷ்யன் எப்படிப்பட்டவன்னு அந்த ஒரு மௌனத்துல தெரிஞ்சுடும். சைரன் சத்தம் கிடையாது, குரூப் போட்டோவும் கிடையாது.

கடைசியா ஒரு படம், இதுல யாரையும் குத்தம் சொல்ல வழியில்ல, எடுத்தவங்களேதான் கெடுத்துக்கிட்டாங்க. டேனி பாய்ல் எடுத்த 'சன்ஷைன்' (2007), எழுதினது அலெக்ஸ் கார்லேண்ட். சூரியன் அணைஞ்சுட்டு வருது, எட்டு பேர் ஒரு ராட்சச குண்டை எடுத்துட்டு போய் அதுக்குள்ள போட்டு திரும்ப பத்த வெக்கணும். கப்பலுக்கு முன்னாடி பெரிய கேடயம், அந்த நிழல்லதான் உயிர். இந்த படத்துல சூரியனை காட்டின மாதிரி வேற எதுலயும் நான் பாத்ததில்ல, ஒருத்தர் தினம் கண்ணாடி அறைல உக்காந்து கண்ணு தாங்கற அளவுக்கு வெளிச்சத்தை கூட்டி கூட்டி பாத்துட்டே இருப்பாரு, தோல் உரிஞ்சுபோயிருக்கும், ஆனா முகத்துல கோயில்ல நிக்கற பரவசம். பிரச்சனை எல்லாமே நியாயமா வரும், ஒருத்தன் கணக்குல கேடயத்தோட கோணத்தை மாத்த மறக்கறான், அதுலேர்ந்து ஒண்ணு, அதுலேர்ந்து இன்னொண்ணு, ஆக்சிஜன் தர்ற தோட்டமே எரிஞ்சு போகுது. மிச்சம் இருக்கற ஆக்சிஜனுக்கு எத்தனை பேர் உயிரோட இருக்கலாம், யாரை கொல்றதுன்னு ஓட்டு போடற அளவுக்கு வந்துடும். மனுஷங்க எல்லாரும் நல்லவங்க, கணக்குதான் வில்லன்.

அப்புறம் அந்த சீன். கில்லியன் மர்ஃபி கப்பல் கம்ப்யூட்டர்கிட்ட கேக்கறாரு, நாங்க நாலு பேருக்கு காத்து போதுமேன்னு. போதாது, நீங்க அஞ்சு பேர் இருக்கீங்கங்குது. அஞ்சாவது ஆள் யாருன்னு கேட்டா, தெரியாதுங்குது. எங்க இருக்கான்னா, அந்த கண்ணாடி அறைலங்குது. ராத்திரி தனியா பாத்தீங்கன்னா முதுகு ஜில்லுன்னு ஆகும்.

அதோட நிறுத்தியிருக்கலாம்யா! அஞ்சாவது ஆள் வந்து பாத்தா ஏழு வருஷம் முன்னாடி போன முதல் கப்பலோட கேப்டன், உடம்பெல்லாம் வெந்து போய், கடவுள்கிட்ட பேசினேன், மனுஷங்க அழியறதுதான் விதின்னு சொல்லிட்டு கத்தியை எடுத்துட்டு ஒவ்வொருத்தரா துரத்த ஆரம்பிச்சுடறாரு. கேமரா ஆடு ஆடுனு ஆடுது, ஆளே தெளிவா தெரியல. சூரியனையே வெச்சு ஒண்ணேகால் மணி நேரம் மிரட்டிட்டு அதுக்கப்புறம் எனக்கு எதுக்குங்க கத்தி? சூரியனை நேரா பாத்தா மனுஷன் என்ன ஆவான்ங்கற கேள்விக்கு இந்த கேப்டன்தான் பதில்னு அவங்க நெனைச்சிருக்கலாம், எழுத்துல அது நல்லாகூட இருந்திருக்கும், திரைல பாக்கும்போது பக்கத்து தியேட்டர் பேய்ப்பட ரீல் மாறி வந்த மாதிரி இருக்கு.

இருந்தாலும் பாக்கவே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். அந்த அஞ்சாவது ஆள் சீன் வரைக்கும் பாருங்க, அப்புறம் நேரா கடைசி அஞ்சு நிமிஷத்துக்கு தள்ளி விட்டுடுங்க, மர்ஃபி குண்டுக்குள்ள நிக்கறதும், சூரியன் அவர் கை தொடற தூரத்துல வர்றதும், பனி மூடின சிட்னில திடீர்னு வெளிச்சம் கூடறதும் அட்டகாசமா இருக்கும். நடுவுல என்ன நடந்துச்சுன்னு யாராவது கேட்டா, ஒருத்தர் கத்தியோட ஓடினாருன்னு சொல்லிடலாம்.